கூட்டா கடற்கரையில் என்னைக் கரைசேர்த்த அண்ணனுக்கு

பாலித் தீவின் கூட்டா கடற்கரை. அடியில் பாறையில்லாத மணல்தரை என்பதால் அலைச்சறுக்கு பழகுபவர்கள் பலரும் முதலில் இறங்குவது அங்கேதான். நானும் ஒரு பலகையை வாடகைக்கு எடுத்து, சொல்லித்தர ஆளில்லாமலே இறங்கிவிட்டேன். அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்த இடமாகப் பார்த்துப் போனேன். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பல நேரம் அப்படித்தான் தெரியும் என்று அன்று எனக்குத் தெரியாது. கை வலிக்க வலிக்கத் துழாவினேன். கரை தள்ளிக்கொண்டே போனது. தொண்டை அடைத்து, கூப்பிடக்கூட முடியவில்லை.

அண்ணா, நான் கூப்பிடாமலே நீங்கள் வந்தீர்கள். கரையைப் பார்க்காதே, என்னைப் பார் என்று சைகை காட்டி, என் கணுக்காலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டீர்கள். ஓட்டத்தை எதிர்க்காமல் கரைக்கு இணையாகவே வெகுதூரம் இழுத்துப் போனீர்கள். பிறகு நுரை பொங்கி வந்த ஓர் அலையில் என் பலகையைத் தள்ளிவிட்டீர்கள். குப்புறப் படுத்தபடியே மணலில் வந்து சேர்ந்தேன்.

அதோடு போயிருக்கலாம், போகவில்லை. என் நடுக்கம் நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். இளநீர் வாங்கித் தந்தீர்கள். சிவப்புக் கொடி நட்டிருந்த இடத்தைக் காட்டி, அந்தப் பக்கம் வேண்டாம் என்றீர்கள். அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் மறுபடி இறக்கினீர்கள்! நான்காவது முறை இரண்டு விநாடி எழுந்து நின்றேன். நீங்கள் கைதட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

பணம் நீட்டினால் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தீர்கள். பெயர் கேட்பதற்குள் கடலுக்குள் போய்விட்டீர்கள்.

உங்கள் ஊரில் அண்ணனை 'ப்ளி' என்பார்களாம், நன்றிக்கு 'சுக்ஸ்மா' என்பார்களாம், விடுதியில் சொன்னார்கள். சுக்ஸ்மா, ப்ளி. அம்மாவும் நன்றி சொல்லச் சொன்னார்.