பாசனதாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். கூட்டங்கள் வழக்கம்போல டீ வந்த பிறகே தொடங்கின. எனவே நேரே குளத்து வேலைக்கு வருகிறேன்.

பிப்ரவரிக் கடைசியில் அணை அடைத்தால், கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லுக்கு ஜூனில் திறக்கும்வரை மூன்று மாதம்தான். அதற்குள் தூர்வார ஒரு குழு, மடைக்கு ஒரு குழு, வாய்க்கால் கரைக்கு ஒரு குழு என்று பிரித்தோம். எந்தக் குழுவையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டல் ஏற்றிய டிராக்டர் போக இருந்த ஒரே வழி, புதிதாகக் கட்டிய கரைதான். நாள் இழுக்கிறதே என்று நான்தான் இன்னும் டிராக்டர் பிடித்தேன். கரை இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய மடையில் நின்ற கொத்தனாரைக் கூப்பிட்டோம். மடை வேலை நின்றது. தண்ணீர் வந்தபோது ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. கடைமடை அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "எல்லாஞ் சரி, தண்ணி எங்கடே?"

ஆகஸ்ட் கூட்டத்தில், மேலாண்மை படிக்கும் நம் உறுப்பினர் மகள் ஒருவர் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். சிஸ்டம்ஸ் திங்கிங் என்கிறார்கள்; ஒவ்வொரு வேலையையும் தனியாகப் பார்க்காமல், ஒன்று மற்றொன்றை எப்படிப் பாதிக்கிறது என்று மொத்தமாகப் பார்ப்பது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஜே ஃபாரஸ்டர், வீட்டு மின்சாதனம் செய்யும் ஆலை ஒன்றில் சில வருடம் ஆள் எடுப்பதும் சில வருடம் குறைப்பதுமாக இருந்ததை ஆராய்ந்தாராம். வெளியே சந்தை மாறாவிட்டாலும் அந்த ஆட்டம் வரும், ஆலைக்குள் எடுக்கும் முடிவும் அது பலிக்கப் பிடிக்கும் தாமதமுமே போதும் என்று தாளிலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

நமக்கு இது தெரியாததா? பேச்சிப்பாறை அணையும் பெருஞ்சாணி அணையும் திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வருமா? வரவில்லையே என்று ஷட்டரை இன்னும் தூக்குவோம். அப்புறம் மொத்தமாக வந்து நாற்று முங்கும். டிராக்டரிலும் நான் செய்தது அதுதான்.

வரும் மார்ச் வேலையைத் தண்ணீர் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிட்டிருக்கிறோம். முதலில் மடை, பிறகு தூர், வண்டி ஓட்டமெல்லாம் நின்ற பிறகே கரை. வண்டல் எடுக்க மனு இப்போதே கொடுத்தாயிற்று. குழுக்கள் பழையபடிதான். ஒரு குழுவின் வேலை அடுத்த குழுவின் வேலையில் இடிக்கும் இடத்தை மட்டும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கடைமடைக்காரர் யாராவது முன்வந்தால் நல்லது. தப்பு நடந்தால் முதலில் அவர் வயலில்தான் தெரியும். என் பெயரைச் சொல்லாதீர்கள், நான் மறுபடியும் டிராக்டர் பிடித்துவிடுவேன்.

செயலாளர்