குழாயில் போகும் சாண வாயு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் பழகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். குளிர் பழகிவிட்டது, டென்மார்க்கின் இந்த யூட்லாந்துப் பகுதிக் காற்றுதான் இன்னும் பழகவில்லை, நிற்கிற ஆளைத் தள்ளிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டு.

சாணத்தைக் கிளறவா அவ்வளவு தூரம் போனாய் என்ற உங்கள் கேலிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் மக்களைவிடப் பன்றிகள் அதிகம். அவற்றின் கழிவில் ஒரு பகுதி, வயலுக்குப் போகும் முன் நான் வேலை பார்க்கிற சாண வாயு ஆலை மாதிரி இடங்களுக்கு வருகிறது. டேங்கர் லாரி கொட்டகைக்குள் நுழைந்ததும் கதவை மூடிவிடுவோம். நாற்றம் வெளியே போனால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். கழிவை இறக்கியதும் அதே லாரி, செரித்து முடிந்த கரைசலை உரமாக ஏற்றிக்கொண்டு பண்ணைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் சுமையோடுதான் ஓட்டம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

காற்றுப் புகாத பெரிய கலனுக்குள் சுமார் 50 டிகிரி சூட்டில் நுண்ணுயிர்கள் கழிவை வாரக்கணக்கில் நொதிக்க வைக்கின்றன. வரும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன், அதுதான் எரியும் வாயு. மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அதைப் பிரித்தெடுத்த பிறகுதான் நாட்டின் எரிவாயுக் குழாயில் விட முடியும். சுத்தமான மீத்தேனுக்கு மணமே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் ஒரு வாடையைக் கலக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு நாற்றத்தைப் போக்கிவிட்டு, கடைசியில் நாமே நாற்றம் சேர்க்கிறோம் பாருங்கள்!

வாயுவைத் தயாரிப்பதைவிட அதை எங்கே அனுப்புவது என்பதுதான் பெரிய தலைவலி. இங்குள்ள குழாய்கள், வடகடலுக்கு அடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயு பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்கும் அங்கிருந்து வீடுகளுக்கும் போவதற்காகப் போடப்பட்டவை. நாங்களோ கிராமத்துப் பக்கம் சின்னக் குழாயில் கொண்டுபோய் விடுகிறோம். குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை. கோடையில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, நுண்ணுயிர்களுக்கு லீவும் கிடையாது. அதனால் மிஞ்சுகிற வாயுவை அமுக்கி, 80 பார் அழுத்தமுள்ள (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 80 மடங்கு) பெரிய குழாய்க்குத் திருப்பி ஏற்ற கம்ப்ரஸர் நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். அதுவும் முடியாத நேரத்தில் எரித்துவிட வேண்டியதுதான். அந்தச் சுடரைப் பார்த்தால் வயிறும் சேர்ந்து எரியும்.

போன வாரம் கசிவு பார்க்கும் அகச்சிவப்புக் கேமராவை என் கையில் கொடுத்தார்கள். வெறும் கண்ணுக்குக் கலன் மேல் ஒன்றுமே இல்லை. கேமராவில் பார்த்தால், ஒரு வால்வின் ஓரத்திலிருந்து புகை நூல் மாதிரி மேலே போகிறது. வால்வின் அடைப்பு வளையத்தை மாற்றியதும் நின்றது. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடேற்றும் என்பதால், இழப்பு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 முதல் சட்டமே இருக்கிறது. கசிய விட்டால் நாங்கள் செய்கிற நல்லதெல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும்.

2030-க்குள் குழாய் முழுக்கப் பசுமை வாயு, அதாவது எங்களுடையது மாதிரி கழிவிலிருந்து வரும் வாயு, என்பது அரசின் இலக்கு. இப்போதே நாட்டின் பயன்பாட்டில் சுமார் 40 சதவீதம் வந்துவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உற்பத்தி கூடியது மட்டும் காரணமில்லை; வாயு பயன்படுத்துவதும் குறைந்திருக்கிறது. வீடுகள், ஊருக்கே பொதுவாக வரும் வெந்நீர்க் குழாய்க்கும், வெளிச்சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்புக்கும் மாறுகின்றன. என்னைக் கேட்டால் அதுதான் சரி. சாணமும் வைக்கோலும் ஓர் அளவுக்குத்தான் கிடைக்கும். அதிலிருந்து வரும் வாயுவைச் சமையலுக்கும் குளியலுக்கும் செலவழிக்காமல், வேறு வழியில்லாத தொழிற்சாலைகளுக்கு வைக்கலாம். என் மேலாளர் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார், அவருக்கு விற்பனைதான் கணக்கு.

கோடையில் பராமரிப்பு வேலை குவிந்துவிடும், அப்போது லீவு கேட்கவே முடியாது. அதனால் பிப்ரவரியில் வரப் பார்க்கிறேன். டிக்கெட் போட்டதும் அம்மாவிடம் போனில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்