கல்லைத் தூக்கின கை

சிவதாபுரம்,
சேலம்.

அன்புள்ள கண்ணு,

அம்மா சௌக்கியம். என் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. ஒன்றரை மாதமாகப் பட்டறைக்குப் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ ரொம்ப நாளாகப் பாருங்கப்பா என்று சொன்ன ஜெர்மன் தொடர் ‘டார்க்’கைப் பார்த்து முடித்தேன். ஆட்கள் காலத்தில் முன்னும் பின்னும் போய்வருகிற கதை. மூன்று சீசன், 26 பாகம். உன் சித்தப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னான். யாருக்கு யார் பிள்ளை என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

எலிசபெத்துக்கு மகள் சார்லட், அந்தச் சார்லட்டுக்கு மகள் அதே எலிசபெத். இதைக் கேட்டால் எல்லோருக்கும் தலை சுற்றும் என்றான் பையன். எனக்குச் சுற்றவில்லை. நாற்பது வருஷமாகக் கொலுசு பற்றவைக்கிறவன் நான். கண்ணி கண்ணியாகக் கோத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் திருகிவிட்டால், எது முதல் கண்ணி என்று செய்தவனுக்கே தெரியாது.

என்னைத் தூங்க விடாதது அதில் வருகிற உல்ரிக்தான். காணாமல் போன மகனைத் தேடி 2019-லிருந்து 1953-க்குப் போய்விடுகிறான். மகனையும் தம்பியையும் கொண்டுபோனவன் ஹெல்கே என்று அவனுக்குத் தீர்மானம். அங்கே ஹெல்கே சின்னப் பையன். இவனை இப்போதே முடித்துவிட்டால் பின்னால் எதுவும் நடக்காது என்று கல்லால் அடிக்கிறான். பையன் சாகவில்லை. கிழவன் முகத்தில் ஆரம்பத்திலிருந்து நாம் பார்த்த தழும்பு அந்த அடிதான்.

“விதி பெரியப்பா, மாத்த முடியாது” என்றான் பையன். நான் ரிமோட்டை வாங்கி அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். யாரும் கல்லைக் கொண்டுவந்து உல்ரிக் கையில் வைக்கவில்லை. அவனேதான் எடுத்தான், அவனேதான் ஓங்கினான். பிள்ளைமேல் இருந்த பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கை அவன் கை.

அதில் வருகிற இன்னொரு பையன் யோனாஸ் கதையும் அப்படித்தான். அப்பா தூக்குப் போட்டுக்கொள்வதைத் தடுக்க அவர் எழுதிவைத்த கடிதத்தோடு பழைய நாளுக்குப் போகிறான். நான் அப்படி ஒன்றும் எழுதவில்லையே என்கிறார் அவர். தடுக்க வந்த பிள்ளை சொல்லித்தான் அந்த எண்ணமே அவருக்கு வருகிறது. அந்த ராத்திரி எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணு, 2009-இல் உன் ஜாதகத்தில் ஏழில் செவ்வாய், மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னதாகச் சொல்லி அந்தச் சம்பந்தத்தை நிறுத்தினேன். உன் தலையெழுத்தும்மா, நான் என்ன செய்யட்டும் என்றேன். நீ தாலி அறுத்துத் தனியாக நிற்கக்கூடாதே என்று பயந்தது நிஜம். இன்றைக்கு நீ தனியாக இருக்கிறாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நீயாக எடுத்த முடிவென்றால் எனக்குச் சந்தோஷமே. அதை எடுத்தது நான்.

இன்னொன்றும் இருக்கிறது, அம்மாவுக்கும் நேற்றுத்தான் சொன்னேன். மனசு கேட்காமல் இரண்டாவதாக ஒரு ஜோசியரைப் பார்த்தேன். பையனுக்கும் எட்டில் செவ்வாய், தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போகும், தாராளமாகச் செய்யலாம் என்று எழுதியே கொடுத்தார். அந்தத் தாளை மடித்து வெள்ளிக்கம்பி வைக்கிற பெட்டிக்கு அடியில் போட்டேன். நீயாகப் பார்த்த பையன் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். செவ்வாய் மேல் பழியைப் போட்டேன்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் வைத்துத்தான் நீ முதலில் சொன்னாய். பொழுது சாய்ந்து கீழே சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்த நேரம். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, “அப்பா, ஒருத்தரைப் பத்தி உங்ககிட்டச் சொல்லணும்” என்றாய். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குகிறவரை நீ ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய். பையன் பேர் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வாய் இருந்தது.

ஜோசியர் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் பழுத்துவிட்டது, எழுத்து தெரிகிறது. படித்துவிட்டுத் திட்டவேண்டும் என்று தோன்றினால் ஃபோன் பண்ணு. ராத்திரி எந்நேரம் ஆனாலும் எடுப்பேன்.

அப்பா