பின் குத்தும்போது கமராவைக் கீழே பிடியுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவாகச் சேர்ந்து ஸ்ரூடியோவில் வேடப் படப்பிடிப்பு நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேரோடு நான் கலியாண வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். பொம்பிளை வெளிக்கிடுத்துகிற அக்கா என்றால் தெரியும், பெயர் தெரியாது. உங்கள் படங்களின் ஓரத்தில் சில நேரம் என் முழங்கை விழும், நீங்கள் வெட்டி எறிந்திருப்பீர்கள். அதிலே எனக்குக் குறை இல்லை. இது வேறு கதை.

போன வைகாசியில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மேல்வீட்டு ஸ்ரூடியோவில் நடந்த படப்பிடிப்புக்கு உடுப்பும் ஒப்பனையும் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். இராசதானிக் காலம் என்பது அன்றைய பொருள். ஆளுக்கு 4,000 ரூபா கட்டி 11 பேர் வந்திருந்தார்கள். வேடம் கட்டியவர்கள் இரண்டே பேர். அரசியாகக் கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை, அரசனாகக் கூத்தாடுகிற ஓர் ஐயா.

காலமை ஆறு மணிக்குத் தொடங்கினேன். பிள்ளைக்கு மட்டும் இரண்டரை மணித்தியாலம். சாறி, அட்டியல், ஒட்டியாணம், சடைநாகம். சாறி மடிப்பு நிற்க 30 பின்னுக்குக் குறையாது. அவ்வளவும் குத்தினால் குனியக்கூட ஏலாது, தேத்தண்ணியும் ஸ்ரோ வைத்துத்தான் குடிக்கலாம்.

ஒன்பதரைக்கு நீங்கள் தொடங்கினீர்கள். ஆறேழு பேர் அரைவட்டமாக நின்று ஒரே நேரத்தில் கதைத்தீர்கள். “தங்கச்சி இஞ்ச பாருங்கோ.” “நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ.” “இல்லையில்லை, உயர்த்துங்கோ.” “என்ரை கமராவைப் பாருங்கோ பிள்ளை, ஒருக்கா.” முதல் பத்து நிமிடம் அந்தப் பிள்ளை எல்லாருக்கும் பணிந்தது. பிறகு நாடியை இடையில் எங்கேயோ நிறுத்திக்கொண்டு, ஒருவருடைய கமராவும் இல்லாத ஒரு மூலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அன்றைய படங்களை நீங்களே திருப்பிப் பாருங்கள். மை நன்றாக இருக்கிறது, நான் பூசியதுதான். பார்வைதான் ஒரு படத்திலும் இல்லை.

நல்லூர்த் தேரன்று சனத்துக்கு மேலால் கமராவைத் தூக்கிப் பிடித்துத்தான் எடுக்கவேண்டும், அங்கே வேறு வழி கிடையாது. தேர் எங்களுக்காக நிற்காது. இந்தப் பிள்ளை உங்களுக்காக நிற்கத்தானே வந்தது? பிறகு ஏன் அந்த முண்டியடிப்பு?

லைற் விசயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். ஆனாலும் பக்கத்தில் நின்று கண்டதைச் சொல்கிறேன். ஃபிளாஷ் தலை இரண்டையும் கமராவிலிருந்து அடிக்கவைக்கிற ரிகர் ஒன்றுதான் இருந்தது. அது எவருடைய கமராவில் இருக்கிறதோ அவருக்குத்தான் வெளிச்சம். மற்றவர்கள் அமத்தினால் கிடைப்பது இருட்டுப் படம். இது தெரியாத ஒரு தம்பி தன் கமராவின் சின்ன ஃபிளாஷைத் திறந்தார். ஸ்ரூடியோ லைற்றுகள், வேறு ஃபிளாஷைக் கண்டால் தாங்களும் அடிக்கிற ஸ்லேவில் கிடந்தபடியால், அதைக் கண்டு அவையும் சேர்ந்து அடித்தன. அவருக்குப் புளுகம். ஆனால் முறை வந்து நின்ற மற்றவர் அமத்தும்போது லைற் திரும்பச் சார்ஜ் ஏறியிருக்கவில்லை. இப்படியே மாறி மாறி அரை மணித்தியாலம் போனது. இன்னொருவர் ஷட்டரை 1/500இல் வைத்து எடுத்துவிட்டு, படத்தின் கீழ்ப்பாதி கறுத்துக் கிடக்க, “அக்கா, சாறிக் கரை ஏன் இப்பிடி?” என்று என்னிடம் கேட்டார். சாறிக் கரை அரக்குச் சிவப்பு, தம்பி. அந்த வேகத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் படம் முழுக்க விழாது. 1/200க்கு இறக்கிப் பாருங்கள், தெரியும்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

பதினொரு மணிபோல ஒட்டியாணத்தின் கொளுவி கழன்றது. நான் முழங்காலில் இருந்து, சாறியை விலக்கி, இடுப்புப் பக்கம் பின் குத்திக்கொண்டிருந்தேன். பிள்ளை இரண்டு கையையும் உயர்த்தி, வேர்வையில், முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றது. எனக்குப் பின்னால் ஷட்டர் சத்தம் கேட்டது. திரும்பினேன். “சும்மா அக்கா, திரைக்குப் பின்னால ஒண்டு” என்றார் ஒருவர். மூன்றாம் நாள் அந்தப் படம் ஃபேஸ்புக்கில் கிடந்தது. கீழே எழுதப்பட்டிருந்தவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளையின் தாய் எனக்குத்தான் ரெலிபோன் எடுத்தா. “உங்களை நம்பித்தானே அனுப்பினனான்” என்றா. அதற்கு நான் என்ன மறுமொழி சொல்ல?

எடுத்தவர் ஒரு நாள் கழித்துப் படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து நீக்கிவிட்டார். அதற்குள், நிற்கச் சம்மதித்த பிள்ளைதானே என்று ஒருவர் சொன்னார். எடுத்த படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எனக்குப் படிப்பித்தார் இன்னொருவர். இருக்கட்டும். உங்கள் உரிமையை நான் பறிக்க வரவில்லை. அந்தப் பிள்ளை சம்மதித்தது அரசியாக நிற்க. இடுப்பில் பின் குத்தும்போது அது அரசி இல்லை, வேர்த்துக் களைத்த ஒரு வீட்டுப் பிள்ளை. அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு கிழிக்க அன்று ஒருவரும் இருக்கவில்லை. நானாவது சத்தம் போட்டிருக்கலாம். கூலிக்கு வந்தவள் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது என் பிழை.

கலியாண வீட்டில் இது நடக்காது. பொம்பிளை அறைக் கதவில் ஒரு மாமியோ சித்தியோ நிற்பா. “இன்னும் முடியேல்லை, வெளியில நில்லுங்கோ” என்று எந்தப் பெரிய கமராக்காரரையும் திருப்பி அனுப்புவா. உங்கள் ஸ்ரூடியோவில் மாமி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐயாவின் கதையையும் சொல்லவேண்டும். அவர் கட்டியிருந்தது வடமோடி என்கிற கூத்து வகையில் அரசன் உடுக்கிற கரப்புடுப்பு. கோழிக்குஞ்சு மூடுகிற கரப்பைப்போல இடுப்புக்குக் கீழே விரிந்து நிற்கும், அதைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருக்க ஏலாது. தலையில் கண்ணாடித் துண்டும் சரிகைத்தாளும் ஒட்டிய மணிமுடி. பிள்ளையோடு நீங்கள் மல்லுக்கட்டிய நேரம் முழுக்க அந்த மனிசன் சுவரோடு சாய்ந்துகொண்டு நின்றார். அவருடைய முறை வந்தபோது நேர் முன்னால் லைற்றை வைத்து அடித்தீர்கள். படத்தில் முடி இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் இருந்தன. “உடுப்பு சரியான மினுக்கம்” என்று ஒருவர் முணுமுணுத்தார்.

மினுங்கத்தான் செய்தது அந்த உடுப்பு. பந்தத்திலும் பெற்றோமக்ஸிலும் விடிய விடிய ஆடியது கூத்து. கடைசி வரிசையில் பாயில் இருப்பவரின் கண்ணுக்கும் அரசன் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை கண்ணாடி. குறைந்த வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி எறிய ஒட்டிய கண்ணாடிக்கு ஆறு அடியில் வைத்து ஃபிளாஷ் அடித்தால் அது வேறென்ன செய்யும்?

அன்று அதைக் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள், காலமையிலிருந்து வாய் திறக்காமல் ஓரத்தில் நின்ற மெலிந்த தம்பி. வெளிச்சத்தை மெதுவாக்குகிற பெரிய துணிக்கூடான ஒக்ரா பொக்ஸைப் பக்கவாட்டில், ஐயாவின் தோளுக்குக் கிட்டவாகக் கொண்டு வந்து, லைற்றின் வலுவை நன்றாகக் குறைத்தார். பிறகு, “ஐயா, அரசன் மேடைக்கு வாற வரவு ஆட்டம் ஒருக்கா ஆடிக் காட்டுவீங்களோ? நான் உடனே எடுக்கேல்லை, முதல்ல பாக்கிறன்” என்று கேட்டார். ஐயா என்னை ஒருக்காப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பாட்டெடுத்து, சதங்கை கேட்க இரண்டு சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில் நின்று தோளை நிமிர்த்தித் திரும்பியபோது தம்பி அமத்தினார். நான் அந்தப் படத்தைக் கமராவின் பின்பக்கத்தில் பார்த்தேன். கண்ணாடி ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது, மூக்கின் கீழே வேர்வையும் தெரிந்தது. மற்றவர்கள் அதுவரை எடுத்தது உடுப்பை.

இடைக்கதையாக ஒன்று. அந்தப் படங்களை “சங்கிலி மன்னன்” என்று தலைப்புப் போட்டுச் சிலர் பகிர்ந்திருக்கிறீர்கள். கூத்தில் அரசன் உடுப்பது கூத்தின் உடுப்பு. சங்கிலி யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன். 1619இல் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிடித்துக்கொண்டு போன அந்த மன்னன் கரப்புடுப்போடு போகவில்லை. பிள்ளைக்கு நான் கட்டியதும் கலியாணச் சாறிதான், பழைய ஓவியம் எதையும் பார்த்துக் கட்டவில்லை. “கூத்தரசன்” என்று போட்டால் ஐயாவுக்கும் சந்தோசம், சரித்திரத்துக்கும் பொய் இல்லை.

இப்போது நான் கேட்பது. ரிகர் எவர் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் கதைக்கட்டும். அந்த ஐந்து நிமிடம் வேடம் கட்டியவரின் கண் அவருக்கு. மற்றவர்கள் கமராவைக் கீழே பிடித்துக்கொண்டு பாருங்கள், பார்ப்பதாலும் படிக்கலாம். ஒருவர் “தொடங்குவம்” என்று சொன்னால்தான் தொடக்கம், “போதும்” என்றால் முடிவு. அதைச் சொல்கிற ஆள் படம் எடுக்காத ஆளாக இருக்கட்டும். என் கை அந்தப் பிள்ளையில் படுகிற நேரம் ஒரு ஷட்டரும் கேட்கக்கூடாது. 11 பேர் வேண்டாம், இரண்டு வேடத்துக்கு ஆறு பேர் காணும். காசு காணாது என்றால் ஆளுக்கு ஆயிரம் கூட்டுங்கள், என் கூலியிலும் கொஞ்சம் குறைக்கிறேன். எடுத்ததில் நல்ல ஐந்தாறு படத்தை ஒரு கிழமைக்குள் அவர்களுக்கு அனுப்புங்கள். ஐயாவிடம் இன்றுவரை ஒரு படமும் இல்லை. ஐயாவை எடுத்த அந்த மெலிந்த தம்பி எவர் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.

பிள்ளை இனி வராது, அதைக் கேட்கவும் எனக்கு முகமில்லை. ஐயா வருவார். ஆவணியில் திரும்ப நடத்தப் போகிறீர்களாம் என்று சொன்னபோது உடனே தலையாட்டினார். கை இல்லாத, பதிவான ஒரு ஸ்ரூல் மட்டும் எடுத்து வைக்கட்டாம். கரப்பை உயர்த்திக்கொண்டு அதிலே கொஞ்ச நேரம் இருக்கலாமாம்.

இப்படிக்கு,
பொம்பிளை வெளிக்கிடுத்துகிற அக்கா