எங்கள் குழந்தைகளின் எடைக் கணக்கை வெளியிடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் சாம்பல் குட்டைகளும் மணலியின் ஆலைகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. நாள் நிறைந்த பிரசவம், எடை 2.1 கிலோ. "ஒழுங்கா சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று பிரசவ வார்டில் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியாரும் அதையே கேட்டார். ஒரு செக்கப்பையும் தவறவிடாதவள் அவள். குமட்டக் குமட்ட இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கியவள். மாடியில் காயும் துணியில் சாம்பல் படிகிறதென்று வீட்டுக்குள்ளேயே கொடி கட்டியவள். ராத்திரி வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் புழுக்கத்தில் கிடந்தவள். இத்தனை மாதம் எந்தக் காற்றைச் சுவாசித்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. குற்றவாளி மாதிரி தலைகுனிந்து நின்றாள்.

அந்த எடைக்குக் காற்றுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய கணக்கு உங்களிடம் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்கிறீர்கள். ஆக, ஒவ்வொரு கர்ப்பிணியின் முகவரி, ரத்த அளவு, குழந்தையின் எடை எல்லாம் பதிவில் உண்டு. கத்திவாக்கத்திலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் காற்றை அளக்கிறீர்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வட்டாரவாரியாக வெளியிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இது வீண் சந்தேகமில்லை. தமிழ்நாட்டில் 1,285 தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து, சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவு இது: கர்ப்பகாலத்தில் சுவாசிக்கும் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைகிறது, இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளும் அதிகமாகிறார்கள். 4 கிராம்தானே என்று விட்டுவிட முடியாது. நுண்துகளின் ஆண்டு சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்போ 40, இடைவெளியே 35. 2019-ல் பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள், தாய் சுவாசித்த கரித்துகளை நஞ்சுக்கொடியின் சிசுப் பக்கத்திலேயே கண்டார்கள்.

2023 டிசம்பர் 26 இரவு இங்குள்ள உர ஆலையின் குழாயில் அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அன்று அங்கிருந்த கர்ப்பிணிகளுக்கு எப்படிப் பிரசவமானது என்று ஊருக்குச் சொன்ன ஓர் அறிக்கையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்து கேட்க மட்டும் எங்களைத் தேடி வருகிறீர்கள். எங்கள் உடம்பைப் பற்றி எங்களிடம் சொல்ல வருவதில்லை.

தயவுசெய்து அந்த இரண்டு கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், வட்டாரமும் எடையும் போதும். புகையோ கசிவோ கூடும் நாளில், பதிவில் இருக்கும் கைபேசி எண்ணுக்கு நர்ஸம்மாவை ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எண்ணூரில் வசிக்கும் ஒரு பெண்