ஆழத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், 2013 மே மாதம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள ஓக்கோட்ஸ்க் கடலுக்கு அடியில் வந்த நிலநடுக்கத்தைப் பற்றி ஒரு வரி: "சுமார் 600 கி.மீ. ஆழத்தில் ஏற்பட்டதால் இதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை." அளவு 8.3. ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளியிருக்கும் மாஸ்கோவில்கூட உணர்ந்தார்கள். ஆனால் பெரிதாக எதுவும் இடிந்து விழவில்லை, ஆகவே முக்கியமில்லை. நல்ல கணக்கு! எக்ஸ்ரே எடுக்கும்போது வலிக்கவில்லை, அதனால் படத்தைக் குப்பையில் போடுங்கள் என்று எந்த நோயாளியும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

அத்தனை ஆழத்தில் பாறை சூட்டில் குழைந்து மெல்ல நகருமே தவிர, சட்டென்று முறியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியும் அங்கே நடுங்குகிறது என்றால், குளிர்ந்த கடல் தட்டு ஒன்று (கடலடியைத் தாங்கும் பெரும் பாறைப் பலகை), சூடேற நேரம் கிடைக்காமல், உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1928இலேயே ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கியோ வதாத்தி ஆழமான நடுக்கங்கள் உண்டு என்று காட்டிவிட்டார். 1935இல் அவை ஜப்பானுக்கு அடியில் சரிவாக இறங்குவதை வரைந்தும் வைத்தார். பூமியின் மேற்பகுதி நகரும் தட்டுகளால் ஆனது என்ற தட்டுக் கோட்பாடு வந்ததோ 1960களில்! அந்தச் சரிவுக்கு இன்று வதாத்தி–பெனியாஃப் மண்டலம் என்று பெயர்.

நான் இருபத்தொன்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவன். ஒவ்வோர் ஆண்டும் பசிபிக் கடலின் டோங்கா பகுதி நடுக்கங்களின் பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். தட்டு உள்ளே இறங்கத் தொடங்கும் கடல் அகழியிலிருந்து மேற்கே எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், அவ்வளவுதான். விளக்கம் எதுவும் சொல்ல மாட்டேன். வரைபடத் தாளில் நாற்பது புள்ளி வைப்பதற்குள் ஒரு மாணவி கேட்டாள்: "சார், யாரோ ஸ்கேல் வைத்துச் சாய்வாகக் கோடு போட்ட மாதிரி இருக்கே?" தட்டு தன் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறது என்றேன். உங்கள் கட்டுரையாளர் தூக்கி எறியச் சொல்வது அந்தப் பட்டியலைத்தான்.

அப்புறம், தட்டு இறங்குவதைக் காட்ட நீங்கள் போடும் அந்தப் படம். எத்தனை வருடமாக அதே படம்! 45 பாகையில் சரியும் ஒரு தட்டு, மேலே ஒரு எரிமலை, ஒரு சிவப்பு அம்பு. பசிபிக்கின் மரியானா அகழியில் தட்டு ஏறத்தாழ செங்குத்தாக விழுகிறது. பெருவின் ஒரு பகுதியில் சுமார் 100 கி.மீ. ஆழம் போனதும் படுத்துக்கொண்டு கிடையாக நீள்கிறது. அதற்கு மேலே இயங்கும் எரிமலையே இல்லை. வடகிழக்கு ஜப்பானுக்கு அடியில் நடுக்கங்கள் 30, 40 கி.மீ. இடைவெளியில் இரண்டு அடுக்காக வருகின்றன. இதெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்ததால் தெரிந்தவை. சுமார் 700 கி.மீ.க்குக் கீழே நடுக்கங்கள் ஏறக்குறைய நின்றுபோகின்றன. சரி, தட்டும் அங்கேயே முடிந்ததா? இல்லை. சில தட்டுகள் இன்னும் கீழே போவதை நிலநடுக்க அலைகளின் வேகம் காட்டிக்கொடுக்கிறது.

படத்தைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதினேன். இரண்டு வரி வெளியிட்டீர்கள், நன்றி. அதிலும் "மேற்கு" "கிழக்கு" ஆகியிருந்தது.

ரிக்டர் பற்றியும் எழுத ஆசைதான். பெரிய நடுக்கங்களுக்கு இப்போது யாரும் ரிக்டர் அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. தங்கள் இதழ் மட்டும் அந்த மனிதரை விட மாட்டேன் என்கிறது. போகட்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி நிலநடுக்கச் செய்தி போடும்போது அளவுக்குப் பக்கத்தில் ஆழத்தையும் போடுங்கள். அது சரியாக 10 கி.மீ. என்று வந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாலும் நல்லது. ஆழத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாதபோது ஆய்வு மையங்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் எண் அது.

கடிதம் நீளம் என்று வெட்டுவீர்கள், தெரியும். எக்ஸ்ரேயை வெட்டிக்கொள்ளுங்கள். 1928ஐத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்