ஓட்டு போட்டவங்களுக்கும், ஓட்டு போட வெச்சவங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷ விமர்சகர் விருது விழா நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஜெயிச்சவங்க மேடையில அவங்கவங்க நன்றியை சொல்லிட்டாங்க, ஆனா இந்த விழா நடக்கவே காரணமா இருந்த பல பேர் மேடைப் பக்கமே வரல, அவங்களுக்கு எங்க டீம் சார்பா சொல்ல வேண்டியது நிறைய இருக்கு, அதான் இந்த மடல்.

முதல்ல ஓட்டு போட்ட விமர்சகர்களுக்கு. லிஸ்ட்ல இருக்கற எல்லா படத்தையும் பார்க்காம ஓட்டு போட மாட்டோம்னு முதல் மீட்டிங்லயே சொன்னீங்க, சொன்ன மாதிரியே பார்த்தீங்க. பெரிய படத்தை யாரு வேணா பார்ப்பாங்க. பேரே கேள்விப்படாத ஒரு சின்ன படத்தை ராத்திரி வேலை முடிச்சு உட்கார்ந்து முழுசா பார்த்துட்டு, "இதுல ரெண்டே சீன்ல வர்ற அந்த அம்மாவை துணை நடிகை லிஸ்ட்ல சேர்த்தே ஆகணும்"னு காலைல முதல் வேலையா மெசேஜ் போட்டீங்களே, அதுக்கு பெரிய மனசு வேணும்.

அடுத்து ஓட்டு எண்ணினவங்க. இவங்களைப் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா வெளிய யாருக்கும் இது தெரியாது. அமெரிக்கால நேஷனல் சொசைட்டி ஆஃப் ஃபிலிம் கிரிட்டிக்ஸ்னு 1966ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு இருக்கு, அவங்க முறையை ஒட்டித்தான் நம்மளும் பண்றோம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓட்டு போடற ஒவ்வொருத்தரும் மூணு பெயர் எழுதணும், முதல் பேருக்கு 3 பாயின்ட், அடுத்ததுக்கு 2, கடைசிக்கு 1. பாயின்ட் அதிகம் வாங்கினா மட்டும் பத்தாது, பாதிக்கு மேல ஓட்டுச்சீட்டுல அந்தப் பேர் இருக்கணும், இல்லேன்னா மறுபடியும் ஓட்டு. நாலு பேர் வெறித்தனமா சப்போர்ட் பண்ணினாங்கன்னு மட்டும் ஒரு படம் ஜெயிச்சிடக் கூடாதுங்கறதுக்காகத்தான் இது, என்னைக் கேட்டா இதைவிட நியாயமான முறை இல்ல. எடிட்டிங் பிரிவுல பாயின்ட்ல முன்னாடி நின்ன படம் பாதி சீட்டுல கூட இல்ல. எல்லாரும் களைச்சுப் போயிருந்த நேரம், ஆனாலும் "ரூல்னா ரூல்தான்"னு புது சீட்டு கொடுத்து, ஒருத்தர் கூட்டினதை இன்னொருத்தர் பார்க்காம தனியா கூட்டி, ரெண்டு கணக்கும் ஒத்துப் போன பிறகுதான் ரிசல்ட்டை வாசிச்சீங்க. அந்த எடிட்டர் கையில இருக்கற விருதை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாதுன்னா அதுக்கு நீங்கதான் காரணம்.

சப்டைட்டில் போட்ட தம்பி தங்கச்சிங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஒரு படத்துல கடைசி அரை மணி நேரம் எழுத்து பிந்திப் பிந்தி வந்துச்சு, அந்தப் பொண்ணு பேசி முடிச்சு அழ ஆரம்பிச்ச பிறகுதான் அவ என்ன சொன்னாங்கறதே கீழ வருது. இப்படிப் பார்த்தா அந்த நடிப்பு யாருக்குமே போய்ச் சேராதுன்னு நீங்களாவே புரிஞ்சுக்கிட்டு, ராத்திரியோட ராத்திரியா வரி வரியா டைமிங்கை சரி பண்ணி, விடியறதுக்குள்ள புது லிங்க் அனுப்பிட்டீங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் சிறந்த நடிகை விருது கிடைச்சுது!

விமர்சகர் விருதால என்ன ஆகிடப் போகுதுன்னு கேக்கறவங்க இருக்காங்க. 2024ல டைரக்டர் பாயல் கபாடியாவோட "ஆல் வி இமேஜின் அஸ் லைட்" படம் கான்ஸ் திரைப்பட விழாவுல ரெண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரிக்ஸ் வாங்கியும் இந்தியா அதை ஆஸ்கருக்கு அனுப்பல. ஆனா நியூயார்க் விமர்சகர்கள் அதைத்தான் சிறந்த வெளிநாட்டுப் படம்னு தேர்ந்தெடுத்தாங்க, லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்களும் ஆங்கிலம் அல்லாத சிறந்த படம்னு அதுக்கே கொடுத்தாங்க. பார்த்து ஓட்டு போட ஆள் இருந்தா ஒரு படம் எவ்வளவு தூரம் போகும்னு இதுலயே தெரியுது.

வெளிய லீக் ஆகிடுமோன்னு பயம் இருந்தும் எங்களை நம்பி லிங்க் கொடுத்த தயாரிப்பாளர்கள், ஸ்பெஷல் ஷோவுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சவுண்டை செக் பண்ணி வெச்ச புரொஜக்டர் அண்ணன், மேடைக்குப் பின்னாடி கவர் மாறாம பார்த்துக்கிட்ட அக்காங்க, உங்க எல்லாருக்கும் மனசார நன்றி.

அடுத்த வருஷத்துல இருந்து சப்டைட்டில் போட்டவங்க பேரும் ஓட்டு எண்ணினவங்க பேரும் விழா அழைப்பிதழ்லயே வரும், டீம்ல பேசி முடிவு பண்ணியாச்சு.